கப்பல் இறக்கிவிட்ட குடும்பங்கள்

1949 மார்ச் மாதம் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய 'மகாராஜா' கப்பல் போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தது. கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை விட்டு ஓடிவந்து அகதி முகாம்களில் கிடந்த ஏறத்தாழ 200 குடும்பங்கள் அதிலிருந்து இறங்கின. தலைமுறை தலைமுறையாகக் 'காலாபானி' என்று சொல்லிப் பயந்த இடம் அது. 1858 முதல் அங்கே கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கைதிகள். இப்போது குற்றமேதும் செய்யாத ஏழைக் குடியானவர்கள் பெண்டு பிள்ளைகளோடும் சட்டி பானைகளோடும் அங்கேயே வாழ்ந்து தீர்க்க வந்திருந்தார்கள்.

அரசு கொடுத்த வாக்கு பெரியது. குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் நிலம், அதில் பாதி நெல் போடத் தாழ்நிலம், மீதி தென்னையும் பாக்கும் வைக்க மேட்டு நிலம். வீடு கட்டவும் மாடு வாங்கவும் விதைக்கும் பணம். முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்கிய குடும்பத்துக்கு 10 ஏக்கர் என்பது கனவிலும் வராத சொத்து. ஆனால் அந்த நிலத்தை அவர்கள்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

1950களில் குடியேற்றம் நடு அந்தமானுக்கும், பிறகு வட அந்தமானின் டிக்லிபூர் பக்கத்துக்கும் நகர்ந்தபோது நிலம் உண்டாக்கும் வேலை இன்னும் கடுமையாயிற்று. வனத்துறை பெரிய மரங்களை வெட்டி யானைகளை விட்டு இழுத்துப் போகும். நிலம் என்று கையில் கிடைப்பது அடிமரமும் வேரும் முள்ளும் நிறைந்த தரை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழை, வெட்டிய புதரை அடுத்த பருவத்துக்குள் மறுபடி முளைக்க வைத்துவிடும். அட்டை, பூரான், மலேரியா. ஓடைகளில் முதலை. தப்பித் தவறி நெல் விளைந்தால் அதைத் தின்னப் புள்ளிமான் வரும். அந்த மானும் பிரிட்டிஷார் மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் அது பெருகிப் பெருகிக் குடியானவனின் வயலில் வந்து நின்றது. ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிரிக்க நத்தை காய்கறித் தோட்டத்தைக் காலி செய்தது. தீவில் வந்து இறங்கிய உயிர் எதுவாயிருந்தாலும், அது அங்கே முன்பிருந்த ஏதோ ஒன்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும். மனிதருக்கும் இது பொருந்தும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாலை இல்லாத காலம். ரங்கத்திலோ மாயாபந்தரிலோ குடியிருந்தவர் போர்ட் பிளேயருக்கு வரக் கடல் ஒன்றுதான் வழி. படகு என்று வரும் என்பது காற்றுக்கும் அலைக்கும் கட்டுப்பட்டது. மெயின்லேண்டில் தாயோ தகப்பனோ இறந்தால் செய்தி வந்து சேருவதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாமே பக்கத்து வீட்டாரின் பொறுப்பு. பக்கத்து வீட்டார் வேறு மொழி பேசினாலும் அப்படித்தான். அந்தமானில் அதற்கு முன்பே பல கூட்டத்தார் இருந்தார்கள். தண்டனை முடிந்து அங்கேயே தங்கிய கைதிகளின் சந்ததி, 1921 கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலிருந்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், காடு வெட்டச் சோட்டா நாகபுரியிலிருந்து அழைத்துவரப்பட்டு இன்றும் 'ராஞ்சி' என்றே அழைக்கப்படும் ஆதிவாசித் தொழிலாளர்கள், 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியமர்ந்த கரேன் மக்கள். இவர்களோடு கேரளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சில குடும்பங்கள் குடியேற்றத் திட்டத்தில் வந்து சேர்ந்தன. எல்லாருக்கும் பொதுவாக ஓர் இந்தி உருவாயிற்று. இலக்கணம் குறைந்த அந்த இந்தியில்தான் அந்தமான் பிள்ளைகள் இன்றும் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள்.

தமிழர்களில் அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றியவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் தாங்களாக வந்தவர்கள். துறைமுக வேலை, ரோட்டு வேலை, கட்டட வேலை, கடை. முதலில் ஆண் வருவார். கையில் நாலு காசு சேர்ந்ததும் மச்சினனையோ தம்பியையோ வரவழைப்பார். பிறகுதான் மனைவியும் பிள்ளைகளும். போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் தமிழ்க் கடைகள் வந்ததும், அதே ஊரில் வெற்றிமலை முருகன் கோவில் எழுந்து பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கத் தொடங்கியதும் இப்படி வந்தவர்களால்தான். பத்து ஏக்கர் கிடைத்தவருக்கும் வாடகைக் குடிசையில் தொடங்கியவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் வரை தொடர்கிறது. காணி இருக்கிறதா என்ற கேள்விதான் அந்தமானில் ஒரு குடும்பம் எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்பதைக் காட்டும்.

தமிழ்க் குடியேற்றத்தில் கச்சால் தீவின் கதை தனி. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறந்து வளர்ந்த இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். சில குடும்பங்களுக்குக் கிடைத்தது நிகோபாரின் நடுவே இருக்கும் கச்சால். அங்கே அரசு ரப்பர் தோட்டம் போட்டது. தமிழர் என்று சொல்லி இலங்கை அனுப்பியது. இந்தியர் என்று ஏற்றுக்கொண்ட நாடு தன் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கியது. நிகோபாரியப் பழங்குடியினர் வாழும் தீவு என்பதால் வெளியார் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சொந்தக்காரர் வந்து பார்ப்பதே பெரிய பாடு. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. அலை அடித்தது மட்டுமல்ல, நிலமே தாழ்ந்து கரையோரம் கடலுக்குள் போயிற்று. நிகோபாரியரும் தமிழரும் சேர்ந்தே மடிந்தார்கள். இரண்டு நாடுகள் மாற்றி மாற்றி நகர்த்திய அந்தக் குடும்பங்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் அந்தமானுக்குக் குடிபெயர்வது எப்படி?

விமானம் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். 2023 ஜூலையில் திறந்த புதிய முனையத்தில் இறங்கலாம். 2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான். கப்பல் இப்போதும் ஓடுகிறது. 'நான்கௌரி', 'நிகோபார்' போன்ற கப்பல்களில் ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். சுமார் 1,190 கிலோமீட்டர், அறுபது மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல். வீட்டுச் சாமான் உள்ளவர்களும் விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களும் பங்க் கிளாஸில் படுத்து, வாந்தியெடுத்து, மூன்றாம் நாள் போர்ட் பிளேயரின் ஹாடோ ஜெட்டியைப் பார்க்கிறார்கள். தீவுவாசி அடையாள அட்டை வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. புதிதாக வந்தவருக்குக் கிடையாது. 'நாம் இன்னும் வெளியார்தான்' என்று ஒரு குடும்பம் முதலில் உணர்வது அந்த டிக்கெட் கவுண்டரில்தான்.

இன்று வருகிறவர்கள் பெரும்பாலும் மாற்றலில் வரும் மத்திய அரசு ஊழியர், கடற்படைக் குடும்பம், வங்கிக்காரர், ஆசிரியர், விடுதி நடத்த வருகிறவர், கட்டடத் தொழிலாளி. இவர்களுக்கு நிலம் தர யாரும் காத்திருக்கவில்லை. தீவில் நிலம் என்பது உரிமமும் கட்டுப்பாடும் நிறைந்த விஷயம். வாடகை வீடுதான். வீடு பார்க்கும்போது சென்னைக்காரர் அறை எத்தனை என்று கேட்பார். அங்கேயே வாழ்கிறவரோ தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்பார். போர்ட் பிளேயருக்கான குடிநீர் முக்கியமாக 1973இல் கட்டிய தனிகாரி அணையிலிருந்து வருகிறது. இத்தனை மழை பெய்கிற ஊரில் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். மலைச்சரிவு செங்குத்து, கடல் பக்கத்தில். பெய்கிற மழை நிற்க இடமில்லாமல் ஓடிவிடுகிறது. புதிதாகக் குடிவருகிறவர் முதல் மாதமே கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஏற்பாடு செய்துவிட்டால் ஏப்ரலில் அழ வேண்டாம்.

இன்னொன்று பகல். கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது, சூரியன் தன் நேரத்தில். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு விளையாட வெளிச்சம் மிச்சமிருக்காது. வந்த புதிதில் அம்மாக்களை அதிகம் கலங்க வைப்பது இந்தச் சீக்கிர இருட்டுதான் என்று நினைக்கிறேன்.

சமையலறையும் கப்பலைப் பார்த்தே ஓடுகிறது. கத்தரி, வெண்டை, கீரை, பாகல், தேங்காய், மீன் எல்லாம் தீவிலேயே கிடைக்கும். நீல் தீவின் காய்கறிக்கு நல்ல பெயர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும். புயல் சின்னம் என்று கப்பல் இரண்டு நாள் தாமதித்தால் விலை ஏறும். குடியேறி ஒரு மழைக்காலம் கழிந்த குடும்பம் வெங்காயம் இல்லாமல் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்.

பெரிய மாற்றம் தகவல் தொடர்பிலும் மருத்துவத்திலும். கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த ஊருக்கு 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது போர்ட் பிளேயரைத் தாண்டி ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை போகிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படத்தை அனுப்ப இரவெல்லாம் காத்திருந்த பிள்ளைகள் இன்று மெயின்லேண்ட் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கிறார்கள். 2015 முதல் போர்ட் பிளேயரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வெளித்தீவுகளில் இரவில் நெஞ்சுவலி வந்தால், விடிந்து, வானிலை ஒத்துழைத்து, ஹெலிகாப்டர் வர வேண்டும். பெரிய சிகிச்சைக்கு இன்னும் சென்னைதான். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வெளித்தீவுக்குக் குடிபோக நினைப்பவர், கடற்கரை அழகைப் பார்ப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

அன்று குடும்பத்தை ஊராக்கியது தூரம். திரும்பிப் போக வழியில்லாததால் வங்காளியும் மலையாளியும் ராஞ்சியும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் பந்தி பரிமாறினார்கள். இன்று வருகிற குடும்பம் திரும்பும் தேதியை மனதில் வைத்துக்கொண்டே வருகிறது. மூன்று வருஷ மாற்றல், பிறகு ஊர். பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கும். தீவில் அரசு நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர் தென்னங்கன்று வைக்க மாட்டார். ஆனால் வங்காள அகதிகளின் பேரப் பிள்ளைகளோ அதே கப்பலில் எதிர்த்திசையில் படிக்கவும் பிழைக்கவும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஹேவ்லாக், நீல் தீவுகளில் தாத்தா வேர் பிடுங்கி உண்டாக்கிய வயல்கள் பல இடங்களில் விடுதிகளாகிவிட்டன. 2018 டிசம்பரில் அந்தத் தீவுகளுக்கு ஸ்வராஜ் தீப், ஷஹீத் தீப் என்று பெயர் மாறியது. சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்ற ஊர்ப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

இனி, முன்பு நிறுத்திய பேச்சு. 1949இல் அந்தக் காடு காலி நிலம் என்று அரசு கணக்குப் போட்டது. அது காலி நிலம் அல்ல. 1901 கணக்கெடுப்பில் லிட்டில் அந்தமானின் ஓங்கே பழங்குடியினர் 672 பேர். 2011இல் 101. அந்தத் தீவு முழுக்க அவர்களுடையதாக இருந்து, குடியேற்றத்துக்காகவும் மரத்துக்காகவும் துண்டு துண்டாகக் கைமாறியது. ஜாரவாப் பழங்குடியினரின் காட்டுக்குள் அந்தமான் டிரங்க் ரோடு போட்டார்கள். குடியேறியவரும் ஜாரவாவும் பல ஆண்டு ஒருவரையொருவர் அஞ்சியும் தாக்கியும் வாழ்ந்தார்கள். 1997–98இல்தான் ஜாரவாக்கள் வில் அம்பு இல்லாமல் ஊர்ப்பக்கம் வரத் தொடங்கினார்கள். பழங்குடிகளைக் காக்க 1956இலேயே சட்ட ஒழுங்குமுறை இருந்தது. இருந்தும் இத்தனையும் நடந்தது. அகதிக் குடும்பத்துக்கும் தோட்டத் தமிழருக்கும் ஒதுங்க ஓரிடம் வேண்டியிருந்தது உண்மை. அந்த இடத்தை இன்னொருவர் வீட்டிலிருந்து வெட்டி எடுத்துக் கொடுத்தது அரசு. அந்தக் கடனை அரசு இன்னும் தீர்க்கவில்லை.

தீவுகளின் மக்கள்தொகை 1951இல் 30,971. பத்தே ஆண்டில் 63,548. 2001இல் 3,56,152. காடு வெட்டுவதும் கடற்கரை மணல் அள்ளுவதும் எல்லை மீறிய பிறகு, 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு, மணல் எடுப்பதைப் படிப்படியாக நிறுத்துவது, குடியிருப்போருக்கு அடையாள அட்டை, ஜாரவா பகுதியில் சாலையை மூடுவது என்று உத்தரவு வந்தது. சாலை மூடப்படவில்லை. 2011இல் மக்கள்தொகை 3,80,581. வேகம் தணிந்திருந்தது, தீவு தன் அளவைத் தானே கண்டுகொள்வதுபோல் தெரிந்தது.

அதன் பிறகுதான் கிரேட் நிகோபார் திட்டம் வந்தது. அங்கே குடியேற்றம் தொடங்கியது 1969இல். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களின் 330 குடும்பங்களை, பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை பல மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்து, கேம்ப்பெல் பே பக்கம் தெற்கே கரையோரமாகக் கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் அமைத்தார்கள். நாட்டின் தென்கோடியைக் காக்க மனிதர் வேண்டும் என்பது காரணம். முப்பத்தைந்து வருஷம் தென்னையும் பாக்கும் வளர்த்தார்கள். சுனாமி வந்து, அந்தத் தென்கோடியான இந்திரா முனையின் கலங்கரை விளக்கமே நாலு மீட்டருக்கு மேல் கீழிறங்கி, வயலும் தோப்பும் கடலாயின. பிழைத்தவர்கள் தகரக் கொட்டகைகளில் வெயிலில் வெந்து, பிறகு கேம்ப்பெல் பேயில் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குப் போனார்கள். 2022இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் கலாதியா விரிகுடாவில் சரக்குத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் எல்லாம் வருகின்றன. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகிறது. எட்டாயிரம் பேர் வாழும் தீவில் லட்சக்கணக்கானவர்களைக் குடியேற்றும் கணக்கு அது. விமான நிலையத்துக்குக் குறித்த இடத்தில் காந்தி நகர், சாஸ்திரி நகர்க் குடும்பங்களின் பட்டா நிலங்களும் இருக்கின்றன.

அன்றைய குடியேற்றத்தில் அறியாமை என்று சொல்லவாவது இடமிருந்தது. மலேரியாவும் நிலநடுக்கமும் தண்ணீர்ப் பஞ்சமும் குடியேறியவர்களை என்ன செய்யும் என்பது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரியும். எந்த ஓடை கோடையில் வற்றும், எந்தக் கரை எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்ல அந்த ராணுவக் குடும்பங்களில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அடுத்த கப்பலை நிரப்புவது அநியாயம்.

அவர்களுக்கும் முன்பே அங்கே இருப்பவர்கள் ஷொம்பென் பழங்குடியினரும் நிகோபாரியரும். 2011இல் ஷொம்பென் 229 பேர். மேற்குக் கரையில் வாழ்ந்த நிகோபாரியக் குடும்பங்களைச் சுனாமிக்குப் பிறகு அரசு கேம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகருக்குக் கொண்டுவந்தது. தென்னையும் பன்றியும் படகும் நிறைந்த பழைய ஊர்களுக்குத் திரும்பிப் போக விடுங்கள் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். திட்டத்துக்கு முதலில் கொடுத்த ஒப்புதலை அவர்களுடைய பழங்குடிக் கவுன்சில் 2022 நவம்பரில் எழுத்து மூலம் திரும்பப் பெற்றது. தங்கள் பழைய ஊர்களின் நிலமும் அந்தத் திட்டத்துக்குள் வருகிறது என்பது முன்பு சரியாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.